எறும்பும் அசுவினியும் செய்துகொண்ட ஒப்பந்தம்

கூட்டுறவுக்கு உவமை சொல்லப் புகுவோர் பெரும்பாலும் எறும்பையே எடுத்துக்காட்டுவர். வரிசை தவறாது செல்லுதல், கிடைத்ததைப் பங்கிட்டுக் கொள்ளுதல், ஒன்றால் சுமக்க இயலாததைப் பல கூடிச் சுமத்தல், மழைக்காலம் வருமுன் சேமித்து வைத்தல் ஆகிய அதன் பண்புகளை நம் சங்க மேடைகளில் பன்முறை கேட்டிருக்கிறோம். அவை உண்மையே. ஆயினும் அதே எறும்பு வரிசை நமது பருத்திச் செடியின் தண்டில் ஏறிச் செல்லும்போது, அஃது எதனை நாடிச் செல்கின்றது, அதனால் ஆதாயம் யாருக்கு, நட்டம் யாருக்கு என்பவற்றை ஆராய்ந்து பார்த்தவர் நம்மில் சிலரே. நூற்கும் பஞ்சின் தரமும், மருந்துக் கடையில் நாம் செலவிடும் பணமும் இவ்வினாக்களோடு தொடர்புடையவை. ஆதலின் இதனையே இம்மாதப் பாடமாக எடுத்துக்கொள்வோம்.

அசுவினி என்பது யாது?

பருத்தி, அவரை, தட்டைப்பயறு, நிலக்கடலை, மிளகாய், கத்தரி, எலுமிச்சை முதலியவற்றின் கொழுந்திலும், இலையின் அடிப்புறத்திலும், கடுகை விடச் சிறிய, மெல்லிய உடலையுடைய பூச்சிகள் கூட்டங்கூட்டமாக அப்பிக் கொண்டிருக்கக் காணலாம். இவற்றை அசுவினி என்றும், செடிப்பேன் என்றும் வழங்குவர். பருத்தியில் காண்பது மஞ்சள் நிறம் முதல் கரும்பச்சை வரை பல சாயலில் இருக்கும். அவரையிலும் தட்டைப்பயற்றிலும் பெருகுவது பளபளப்பான கறுப்பு இனம். வேலியோரத்து எருக்கஞ்செடியில் வாழ்வது பொன்மஞ்சள் இனம். உருப்பெருக்குக் கண்ணாடி கொண்டு நோக்கினால், உடலின் பின்புறத்தில் இரண்டு சிறு குழல்கள் நீட்டிக்கொண்டிருப்பது தெரியும். அசுவினிக்கு இதுவே அடையாளம்.

அசுவினியின் வாய் ஓர் ஊசி போன்றது. இலையில் உருவான சர்க்கரையைச் செடியின் மற்றப் பாகங்களுக்கு எடுத்துச் செல்லும் நுண்குழாய்கள் உண்டு அல்லவா? அக்குழாயைத் தேடி ஊசியைச் செலுத்தி, அங்கேயே நிலைத்துவிடுகின்றது. அக்குழாயில் ஓடும் சாற்றில் சர்க்கரை மிகுதி. உடல் வளர்ச்சிக்கு வேண்டிய புரதப் பொருள்களோ மிகக் குறைவு. அக்குறையில் ஒரு பகுதியை அசுவினியின் உடலுக்குள்ளேயே வாழும் ஒருவகை நுண்ணுயிர்கள் ஈடு செய்கின்றன. எனினும் வேண்டிய அளவு சத்தினைப் பெற அஃது இடைவிடாது சாறு குடித்தே ஆகவேண்டும். குடித்ததில் மிஞ்சும் சர்க்கரையும் நீரும் துளித்துளியாக வெளியே தள்ளப்படுகின்றன. அந்தத் துளியையே இங்குத் தேன்கழிவு என்று குறிப்பிடுவோம். அசுவினி தாக்கிய செடியின் கீழிலைகள் நெய் தடவினாற்போல் மினுங்குவதும், தொட்டால் பிசுபிசுப்பதும் இதனாலேயே.

இதன் பெருக்கம் வியப்புக்குரியது. நம் வெப்ப நாட்டில் பெண் அசுவினி ஆணின் துணையின்றியே, முட்டையிடாமல், குஞ்சுகளை ஈனுகின்றது. பிறக்கும்போதே அக்குஞ்சின் வயிற்றில் அடுத்த தலைமுறைக் கரு வளரத் தொடங்கியிருக்கும். வெப்பமும் கொழுந்தும் வாய்த்தால் 7 முதல் 10 நாளில் அக்குஞ்சு தானும் தாயாகிவிடும். ஓரிடத்தில் கூட்டம் நெருங்கினால் இறகுள்ளவை தோன்றிப் பக்கத்து வயலுக்குப் பறந்து செல்லும்.

ஒப்பந்தம் எத்தகையது?

எறும்புக்கு இனிப்பு வேண்டும். அசுவினிக்குக் காவல் வேண்டும். இவ்விரண்டு தேவைகளும் சந்திக்கும் இடமே நமது செடி. எறும்பு தன் உணர்கொம்புகளால் அசுவினியின் முதுகை மெல்லத் தட்டுகின்றது. அசுவினி ஒரு துளியை வெளிவிடுகின்றது. எறும்பு அதனை அருந்தித் தன் வயிற்றில் சேர்த்துக்கொண்டு புற்றுக்குத் திரும்பி, மற்றவற்றிற்கு வாய்வழி ஊட்டுகின்றது. தண்டில் மேலேறும் எறும்பின் வயிறு சுருங்கியும், கீழிறங்கும் எறும்பின் வயிறு பருத்தும் இருப்பதை ஊன்றிப் பார்த்தால் காணலாம்.

இங்கிலாந்து நாட்டு அறிஞர் சார்லஸ் டார்வின் 1859-இல் வெளியிட்ட உயிரினங்களின் தோற்றம் பற்றிய நூலில் தாம் செய்து பார்த்த ஒரு சோதனையை விவரித்துள்ளார். ஒரு செடியிலிருந்த ஏறக்குறைய 12 அசுவினிகளின் அருகிலிருந்து எறும்புகளையெல்லாம் அகற்றி, பல மணி நேரம் அவை அணுகாமல் தடுத்தார். அசுவினிகள் துளியை வெளிவிடவில்லை. ஒரு மயிரிழையால் எறும்பு தட்டுவதைப் போலவே தடவிப் பார்த்தார்; அப்போதும் விடவில்லை. பின்னர் ஓர் எறும்பை அனுமதித்தார். அஃது உணர்கொம்பால் தீண்டத் தீண்ட, ஒவ்வொன்றும் துளியைக் கொடுத்தது. இரு தரப்பும் ஒன்றையொன்று அறிந்து நடத்தும் வாணிகம் இது என்பதை இச்சோதனை நன்கு விளக்குகின்றது.

பெற்ற இனிப்புக்கு ஈடாக எறும்பு மூன்று பணிகளைச் செய்கின்றது. முதலாவது, காவல். அசுவினியைத் தின்ன வரும் பொறிவண்டுகளையும், அதன் உடலில் முட்டையிட வரும் சிறு குளவிகளையும் கடித்து விரட்டுகின்றது. இரண்டாவது, துப்புரவு. தேன்கழிவு தேங்கினால் அசுவினிகள் அதிலேயே ஒட்டிக்கொண்டு, பூசணம் பிடித்து மடியும். எறும்பு அதனை உடனுக்குடன் அகற்றிவிடுகின்றது. மூன்றாவது, இடம் தருதல். வாழையின் அடியில் இலையுறைக்குள் வாழும் அசுவினியைச் சுற்றி எறும்பு மண் அணைத்து வைப்பதை வாழை பயிரிடுவோர் கண்டிருப்பர். அமெரிக்க நாட்டின் இல்லினாய்ஸ் மாநிலத்தில் ஒருவகை எறும்பு, மக்காச்சோள வேரைத் தாக்கும் அசுவினியின் முட்டைகளைக் குளிர்காலம் முழுவதும் தன் புற்றில் பாதுகாத்து, வேனில் வந்ததும் குஞ்சுகளை வேர்களில் கொண்டுபோய் விடுவதை ஆராய்ச்சியாளர் கண்டறிந்தனர்.

இதனைப் பசுவும் இடையனும் வாழும் வாழ்வோடு ஒப்பிடுவது வழக்கம். அவ்வொப்புமை இன்னொரு வகையிலும் பொருந்தும். எறும்பின் காலடி படும் இடத்தில் தங்கும் ஒருவகை வேதிப்பொருள் அசுவினியின் நடமாட்டத்தை மந்தப்படுத்துகின்றது என்று 2007-இல் இங்கிலாந்தில் வெளியான ஓர் ஆய்வு காட்டிற்று. இனிப்பு மிஞ்சிப் புரதம் குறையும் காலத்தில் எறும்பு தன் மந்தையிலேயே சிலவற்றைத் தின்றுவிடுவதும் உண்டு. ஆகவே இவ்வொப்பந்தத்தில் எறும்பின் கையே ஓங்கியிருக்கின்றது.

விலை கொடுப்பவர் யார்?

இரு தரப்பும் ஆதாயம் பெறும் இவ்வாணிகத்தின் முதல் முழுவதும் மூன்றாமவரிடமிருந்து வருகின்றது. அந்த மூன்றாமவர் செடி. செடிக்குப் பின்னால் அதனைப் பயிரிட்டவர்.

சாறு இழந்த இலை ஓரம் சுருண்டு கீழ்நோக்கிக் கவிகின்றது. கொழுந்து வளர்ச்சி குன்றுகின்றது. தேன்கழிவு படிந்த இலையில் கரும்பூசணம் படர்ந்து வெயிலை மறைப்பதால், இலை உணவு சமைக்கும் தொழில் குறைகின்றது. அசுவினி சில நச்சுயிரி நோய்களையும் செடிக்குச் செடி பரப்பும். வாழையின் முடிக்கொத்து நோய் இவ்வகையது. கீழ்ப்பழனி மலையில் விருப்பாச்சி வாழை பயிரிட்ட குடும்பங்கள் இந்நோயால் பட்ட துன்பம் நம் நாட்டார் அறிந்ததே.

பருத்தியில் நட்டம் வயலோடு நிற்பதில்லை. இதனை நம் நெசவாள அங்கத்தினர்களும் கருத்தில் கொள்ள வேண்டும். காய் வெடிக்கும் காலத்தில் அசுவினி பெருகினால், மேலிலையிலிருந்து சொட்டும் தேன்கழிவு வெடித்த பஞ்சின் மேல் விழுகின்றது. வெள்ளை ஈயின் கழிவும் இவ்வாறே விழும். இப்பஞ்சு கண்ணுக்கு வெண்மையாகவே தோன்றலாம். நூற்பாலையில் வாரும் இயந்திரத்திலும், இழுக்கும் உருளைகளிலும் சர்க்கரை ஒட்டிக்கொண்டு, இழைகள் உருளையைச் சுற்றிக்கொள்ளும். இயந்திரத்தை நிறுத்தித் துடைக்க வேண்டியிருக்கும். நூல் ஒரு சீராக அமையாது. அந்நூல் தறிக்கு வந்தால் பாவில் இழை அறுந்துகொண்டேயிருக்கும். அறுந்த இழையை முடிபோட்டு ஓட்டும் நேரத்திற்கு நெசவாளருக்குக் கூலி இல்லை. ஆக, வயலில் எறும்பு குடித்தது போக மிஞ்சிய ஒரு துளியின் கடனைத் தறியில் அமர்ந்திருப்பவர் தீர்க்கின்றார்.

நமக்காக உழைப்பவை

அசுவினியின் பெருக்கத்திற்கு இயற்கை தானே அணை கட்டியிருக்கின்றது. சிவந்த முதுகில் கறுப்புப் புள்ளியுடைய பொறிவண்டை எல்லோரும் அறிவர். அதன் புழுவைப் பலர் அறியார். கருநிறத்தில் ஆரஞ்சுப் பொட்டுகளோடு, சிறிய முதலை போன்ற உருவில், இலைமேல் ஓடித் திரியும். அதனைப் பயிரைத் தின்னும் புழுவென்று எண்ணி நசுக்கிவிடுவோர் உளர். அப்புழு வளர்ந்து வண்டாவதற்குள் நூற்றுக்கணக்கான அசுவினிகளைத் தின்றுவிடும். பச்சை நிறக் கண்ணாடி இறக்கைப் பூச்சியின் புழுவும், பூக்களில் தேன் உண்ணும் ஒருவகை ஈயின் புழுவும் அவ்வாறே. அசுவினிக் கூட்டத்தினிடையே சில மட்டும் உப்பி, பழுப்பு நிறமாகி, அசையாதிருந்தால், அவற்றினுள் சிறு குளவியின் புழு வளர்கின்றது என்று அறியலாம். அவற்றை அழித்தல் ஆகாது.

இவற்றின் ஆற்றலுக்கு நம் பகுதியிலேயே அண்மைக் காலச் சான்று உண்டு. 2008-இல் கோயம்புத்தூர்ப் பகுதியில் பப்பாளி மாவுப்பூச்சி தோன்றி, பப்பாளி, மரவள்ளி, மல்பெரி முதலிய பயிர்களை வாட்டிற்று. மாவுப்பூச்சியும் அசுவினியைப் போலவே தேன்கழிவு விடுவது. எறும்பின் காவல் பெறுவது. மருந்து தெளித்தும் அஃது அடங்கவில்லை. 2010-இல் போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து தருவித்த ஒரு சிறு குளவி இனம் வயல்களில் விடப்பட்டது. சில மாதங்களிலேயே தாக்குதல் பெரிதும் தணிந்தது.

இந்த உழைப்பாளிகளுக்கு இடையூறு இரண்டு. ஒன்று, எறும்பின் காவல். மற்றொன்று, நாம் ஆராயாது தெளிக்கும் கடும் மருந்து. மருந்து பட்டதும் பொறிவண்டும் மடிகின்றது, அசுவினியும் மடிகின்றது. ஆனால் சுருண்ட இலைக்குள் தப்பிய சில அசுவினிகள் ஒரு வாரத்தில் மறுபடி ஈனத் தொடங்கும். பொறிவண்டோ முட்டையிலிருந்து வண்டாக ஏறக்குறைய 3 வாரம் வேண்டும். அந்த இடைவெளியில் அசுவினி முன்னிலும் மிகுதியாகப் பெருகும். மறுபடி மருந்து, மறுபடி செலவு என்று கணக்கு நீளும்.

எறும்பை ஒழித்துவிடலாமா?

அங்ஙனம் செய்தல் தவறு. எறும்பு புழுக்களையும், பூச்சிகளின் முட்டைகளையும் தூக்கிச் செல்கின்றது; மண்ணைத் துளைத்துக் காற்றோட்டம் தருகின்றது. மாமரத்தில் இலைகளை இணைத்துக் கூடு கட்டும் செவ்வெறும்பாகிய முசுறு நெசவாளருக்கு உறவினன் என்றே சொல்லலாம். சில எறும்புகள் இலை விளிம்புகளை இழுத்துப் பிடிக்க, மற்றவை தம் புழுக்களை வாயில் கவ்வி, அவை உமிழும் பட்டிழையால், நாம் நாடாவை ஓட்டுவது போல் இப்புறமும் அப்புறமும் ஓட்டி இலைகளைத் தைக்கின்றன. சீன நாட்டில் கி.பி. 304-இல் இயற்றப்பட்டதாகக் கருதப்படும் ஒரு தாவர நூல், ஆரஞ்சு மரங்களைப் பூச்சியினின்று காக்க இத்தகைய எறும்புக் கூடுகளைச் சந்தையில் விற்றனர் என்று கூறுகின்றது. பூச்சியைக் கொண்டே பூச்சியை அடக்கும் முறைக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய சான்றுகளுள் அது ஒன்று. எனினும் முசுறும் செதில் பூச்சிகளையும் மாவுப்பூச்சிகளையும் பேணுவது உண்டு என்பதை மறத்தல் கூடாது.

மேலும், எறும்பு கண்ட இடமெல்லாம் அசுவினி உண்டென்று முடிவு செய்தலும் ஆகாது. பருத்தி இலையின் அடிப்புறத்து நடுநரம்பில் தேன் சுரக்கும் சிறு குழி இயல்பாகவே உண்டு. தட்டைப்பயற்றின் பூங்காம்பிலும் அத்தகைய சுரப்பி உண்டு. அவ்வினிப்பை நாடியும் எறும்பு வரும். ஆகவே எறும்பைக் கண்டால் மருந்தைத் தேடாமல், இலையைத் திருப்பிப் பார்த்தல் வேண்டும். நாம் முறிக்க வேண்டியது எறும்பின் உயிரை அன்று. அசுவினியோடு அது கொண்ட ஒப்பந்தத்தை.

செய்ய வேண்டுவன

1. எலுமிச்சை, கொய்யா, மாதுளை முதலிய மரங்களில், தரையைத் தொடும் கிளைகளையும், சுவரையோ வேலியையோ தொடும் கிளைகளையும் வெட்டிவிடுக. அடிமரத்தில் ஒரு சாண் அகலத்திற்குத் தடித்த காகிதமோ துணியோ இறுகச் சுற்றி, அதன்மேல் கிரீஸ் தடவுக. பட்டையின் மேல் நேராகத் தடவினால் மரத்துக்குத் தீங்கு நேரும். தூசி படிந்தால் மறுபடி தடவுக. ஏறும் வழி அடைபட்டால், காவலற்ற அசுவினியைப் பொறிவண்டு பார்த்துக்கொள்ளும்.

2. பருத்தி, மிளகாய் போன்ற வயற்பயிரில் இம்முறை இயலாது. அங்கு வாரம் இருமுறை வயலின் நாற்புறமும் நடுவிலும் இலைகளைத் திருப்பிப் பார்த்து, அசுவினி முதலில் தோன்றிய கொழுந்துகளைக் கிள்ளி அழித்தலே சிறந்தது. வீட்டுத் தோட்டத்து அவரைக் கொடியில் விசையாக நீரைப் பீய்ச்சி அடித்தாலே பெரும்பகுதி உதிர்ந்துவிடும்.

3. தழைச்சத்து உரத்தை அளவுக்கு மேல் இடற்க. அதனால் கொழுத்த இளந்தளிரே அசுவினிக்கு விருந்து.

4. பருத்தி வயலின் ஓரத்தில் தட்டைப்பயறு விதைக்கலாம். அதில் கறுப்பு அசுவினியைத் தேடி வரும் பொறிவண்டுகள் பெருகிப் பருத்திக்கும் காவலாகும். எருக்கஞ்செடியின் மஞ்சள் அசுவினி பருத்திக்கு வாராது. அச்செடியும் பொறிவண்டுக்கு ஒரு நாற்றங்கால் என்று கருதி விட்டுவைக்கலாம்.

5. இவற்றால் அடங்காதபோது வேப்பங்கொட்டைச் சாறு தெளிக்கலாம். 5 கிலோ வேப்பம் பருப்பை இடித்து, 10 லிட்டர் நீரில் ஓர் இரவு ஊறவைத்து, வடிகட்டி, 100 லிட்டராக்கி, 200 கிராம் சவர்க்காரத் தூள் கரைத்து, மாலை வேளையில் இலையின் அடிப்புறம் நனையத் தெளிக்க வேண்டும். கடும் மருந்து தேவைப்படும் நிலை வந்தால் வேளாண்மை அலுவலரின் யோசனை பெற்றே தெளிக்க.

6. வெடித்த பஞ்சைச் செடியில் நெடுநாள் விட்டுவைக்காமல் உடனுக்குடன் எடுக்க. இலை மினுங்கும் செடியிலிருந்து எடுத்த பஞ்சைத் தனிச் சாக்கில் வைக்க. கையில் இறுகப் பிடித்து விட்டால் பிசுபிசுப்புத் தோன்றும் பஞ்சை நல்ல பஞ்சோடு கலத்தல் ஆகாது.

சங்கத்தில் ஒரு சோதனை

கேட்டதை நம்புவதினும் செய்து பார்த்து அறிதல் மேலானது. ஒவ்வோர் ஊரிலும் அங்கத்தினர் ஐவர் கூடி, அசுவினியும் எறும்பும் உள்ள ஓர் எலுமிச்சை மரத்தைத் தெரிந்தெடுக்கலாம். ஏறக்குறைய ஒத்த அளவுள்ள இரு சிறு கிளைகளுக்கு நூலால் அடையாளம் கட்டுக. ஒன்றின் அடியில் கிரீஸ் தடவிய காகிதத்தைச் சுற்றி, அதன் மேலுள்ள எறும்புகளை மெல்லத் தட்டிவிடுக. மற்றதை அப்படியே விடுக. இரு கிளைகளும் பிற கிளைகளைத் தொடாதிருத்தல் அவசியம். இரண்டு நாளுக்கு ஒருமுறை அசுவினி, எறும்பு, பொறிவண்டு, பொறிவண்டுப் புழு ஆகியவற்றை எண்ணிக் குறித்து வருக. 10 நாள் கழித்து இரு கணக்குகளையும் மாதக் கூட்டத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

முடிவாக ஒன்று. எறும்பும் அசுவினியும் ஒன்றுக்கொன்று உதவுவதால் அதனைக் கூட்டுறவு என்று அழைக்கலாமா என்று சிலர் வினவக்கூடும். இருவர் கூடி ஆதாயம் பெற, உடன்பாட்டில் இடம் பெறாத மூன்றாமவர் விலை கொடுப்பாரானால், நம் சங்கங்கள் கொண்ட பொருளில் அது கூட்டுறவு ஆகாது. பிசுபிசுத்த பஞ்சை நல்ல பஞ்சோடு கலந்து எடை போடுபவரும், அதனை அறிந்தும் வாங்கி ஆலைக்கு அனுப்புபவரும் தமக்குள் செய்துகொள்வது எறும்பு ஒப்பந்தமே. விளைவிப்பவரும் நெய்பவரும் ஒரே சங்கத்தில் அங்கம் பெற்றிருக்கும் நாம், அதில் மூன்றாமவராக நிற்பவர் நம் பக்கத்து வீட்டு நெசவாளர் என்பதை நினைவிற் கொள்வோம். வரும் பருவத்தில் நம் வயலிலிருந்து செல்லும் ஒவ்வொரு சாக்குப் பஞ்சும் தூயதாக இருக்க, இன்றே இலையைத் திருப்பிப் பார்க்கத் தொடங்குவோமாக.